மெட்டர்னிக் – ஒரு மெயின்டனன்ஸ் எஞ்சினியரின் பார்வையில்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "தொழில் சம்பந்தமா எதுவும் வேண்டாம்ப்பா. அதைத்தான் வருஷம் பூரா பேசிக்கிட்டிருக்கோம். வேற ஏதாவது பேசு" என்றார். சரி என்று சரித்திரத்தை எடுத்துக்கொண்டேன். ஆனால் பதினைந்து வருஷமாக பாய்லர்களோடு குடும்பம் நடத்துகிறவன் நான். எங்கே சுற்றினாலும் கடைசியில் பாய்லர் பக்கத்தில்தான் வந்து நிற்பேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் பேச வந்திருப்பது மெட்டர்னிக் பற்றி. பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் இந்தப் பெயரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "வியன்னா மாநாடு, 1815, பிற்போக்குவாதி மெட்டர்னிக்" என்று நான்கு வரி வரும். ஐந்து மார்க் கேள்விக்கு அது போதும். வேலைக்குப் போன பிறகு அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் படித்தபோதுதான், அந்த நான்கு வரிக்குள் அடங்காத ஆள் என்று புரிந்தது. சொல்லப்போனால், நம்மில் பாதிப் பேர் செய்கிற வேலையைத்தான் அவரும் செய்தார். பழைய பிளாண்ட் ஒன்றை நிற்காமல் ஓட்டுகிற வேலை. அவருக்குக் கிடைத்த பிளாண்டின் பெயர் ஆஸ்திரியப் பேரரசு.

கிளெமென்ஸ் மெட்டர்னிக் 1773ல் ரைன் நதிக்கரையில் கோப்ளென்ஸ் நகரத்தில் பிறந்தவர். பிரபுக் குடும்பம். 1789ல் பாரிஸில் புரட்சி வெடித்த சமயம், பதினாறு வயதுப் பையனாக ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஊர் நகர மன்றக் கட்டடத்தை ஜனங்கள் புகுந்து சூறையாடியதைக் கண்ணால் பார்த்தார். அடுத்த ஐந்து வருஷத்தில் பிரெஞ்சுப் படைகள் ரைன் கரைக்கு வந்தன. அவர் குடும்பத்து நிலபுலன்கள் பறிபோய், எல்லோரும் வியன்னாவுக்கு ஓடிவர வேண்டியதாயிற்று. புரட்சி என்ற வார்த்தையைக் கேட்டால் நமக்குப் பாடப் புத்தகம் ஞாபகம் வரும். அவருக்கு ஞாபகம் வந்தது உடைந்த ஜன்னல்களும் போன சொத்தும். பின்னாளில் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் இந்த இரண்டும் இருந்தன என்பதை மறக்கக்கூடாது.

1809 அக்டோபரில் ஆஸ்திரியாவின் வெளியுறவு மந்திரி ஆனார். எப்பேர்ப்பட்ட நேரத்தில் என்று பாருங்கள். அந்த ஜூலையில்தான் வாக்ராம் போர்க்களத்தில் நெப்போலியனிடம் ஆஸ்திரியா செமத்தியாகத் தோற்றிருந்தது. சமாதான ஒப்பந்தத்தில் சுமார் 35 லட்சம் குடிமக்கள் வாழும் பகுதிகள் போயின. சேனை 1,50,000 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வேறு. 1811ல் கஜானா திவால். இந்த நிலையில் பொறுப்பேற்ற ஆள் என்ன செய்ய முடியும்?

அவர் நேரம் வாங்கினார். அவ்வளவுதான். 1810ல் சக்கரவர்த்தியின் மகள் மரீ லூயிஸை நெப்போலியனுக்கே கல்யாணம் செய்து கொடுக்க ஏற்பாடு செய்தார். 1812ல் நெப்போலியன் ரஷ்யா மேல் படையெடுத்தபோது, ஒப்பந்தப்படி 30,000 வீரர்களை அனுப்பினார். அந்தப் படை பெரிய சண்டை எதிலும் சிக்காமல் பார்த்தும் கொண்டார். ரஷ்யப் பனியில் நெப்போலியனின் மகாசேனை அழிந்த பிறகுகூட அவசரப்படவில்லை. 1813 ஜூன் 26ந் தேதி டிரெஸ்டன் நகரத்தில் இருவரும் பல மணி நேரம் பேசினார்கள். கோபத்தில் நெப்போலியன் தொப்பியை வீசினார், நான் அதைக் குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை என்று மெட்டர்னிக் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இவர் கொஞ்சம் தற்பெருமைக்காரர், அதனால் சற்றுத் தள்ளுபடி செய்து கேட்டுக்கொள்ளுங்கள்! ஆனால் அந்த ஆகஸ்டில் ஆஸ்திரியா எதிரணியில் சேர்ந்ததும், அக்டோபரில் லைப்ஸிக்கில் நெப்போலியன் தோற்றதும் சரித்திரம்.

இனி வியன்னா மாநாடு. 1814 செப்டம்பரிலிருந்து 1815 ஜூன் வரை நடந்தது. விருந்து, நடனம், வேட்டை என்று ஊரே அமர்க்களப்பட்டது. மாநாடு ஆடுகிறது, ஆனால் நகரவில்லை என்று அப்போதே கிண்டல் பண்ணினார்கள். ஆனால் உள்ளே உண்மையான வேலை நடந்தது. போலந்து, சாக்ஸனி விவகாரத்தில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஒரு பக்கம், ஆஸ்திரியாவும் பிரிட்டனும் மறுபக்கம் என்று பிரிந்து, இன்னொரு யுத்தமே வரும் போல ஆகிவிட்டது. 1815 ஜனவரி 3ந் தேதி ஆஸ்திரியா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதற்கப்புறம் பேரம் படிந்தது. சாக்ஸனியில் ஒரு பகுதி பிரஷ்யாவுக்கு, மீதி சாக்ஸனி மன்னருக்கே என்று முடித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, தோற்றுப்போன பிரான்ஸும் அந்த ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்பதுதான். இருபது வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவை ரத்தக்களறி ஆக்கிய நாட்டை, துண்டு போடாமல், பேச்சுவார்த்தை மேஜையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். 1818ல் முழு மரியாதையோடு ஐந்தாவது வல்லரசாகவும் சேர்த்துக்கொண்டார்கள். 1919ல் வெர்சேல்ஸில் தோற்ற ஜெர்மனியைப் பேச்சுவார்த்தைக்கே கூப்பிடாமல் நிபந்தனைகளைக் கையில் கொடுத்ததையும், இருபது வருஷத்தில் அடுத்த உலக யுத்தம் வந்ததையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

வியன்னாவுக்குப் பிறகு ஏதாவது தகராறு என்றால் வல்லரசுகள் கூடிப் பேசுவது என்று ஒரு பழக்கம் உண்டாயிற்று. 1818ல் ஆஹென், 1820ல் டிராப்பௌ, 1821ல் லைபாக், 1822ல் வெரோனா என்று வரிசையாக மாநாடுகள் கூடின. பலன்? 1815லிருந்து கிரிமியா யுத்தத்தில் 1854ல் பிரிட்டனும் பிரான்ஸும் ரஷ்யாவோடு மோதும் வரை, ஐந்து வல்லரசுகளுக்குள் யுத்தமே கிடையாது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம்! அந்தப் பெருமை மெட்டர்னிக் ஒருவருக்கே சொந்தமில்லை. பிரிட்டிஷ் மந்திரி காசல்ரேவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஹென்றி கிஸ்ஸிஞ்சர் 1957ல் வெளியிட்ட ஆராய்ச்சிப் புத்தகமே இந்த இருவரையும் பற்றியதுதான்.

இப்போது பாய்லருக்கு வருகிறேன். பயப்பட வேண்டாம், கணக்கு எதுவும் கிடையாது. வீட்டுப் பெண்மணிகளுக்கு எங்களைவிட இது நன்றாகத் தெரியும். பிரஷர் குக்கர்தான் சின்ன பாய்லர். அதன் மூதாதையை டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679ல் செய்தார். பிரஷர் ஓர் அளவைத் தாண்டினால் தானே திறந்து நீராவியை வெளியே விடுகிற வால்வு ஒன்றை அதில் பொருத்தினார். சேஃப்டி வால்வு அப்படிப் பிறந்ததுதான்.

சேஃப்டி வால்வுக்கு ஒரு குணம் உண்டு. திறக்கும்போது காது கிழிகிற மாதிரி கத்தும், நீராவி வீணாகும், பார்க்கிறவர்களுக்கு ஏதோ விபத்து நடக்கிற மாதிரி இருக்கும். அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களில், இந்தத் தொல்லை வேண்டாம் என்று வால்வின் லீவர் மேல் கூடுதல் எடையைத் தொங்கவிட்ட சம்பவங்கள் எத்தனையோ உண்டு. சத்தம் நின்றுவிடும். கப்பல் வேகமாகவும் போகும். அப்புறம் ஒருநாள் பாய்லர் வெடித்து ஆட்கள் செத்துப்போவார்கள்.

மெட்டர்னிக் கதையில் என்னை ஆச்சரியப்படுத்துவது இதுதான். நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவில் ஓர் அருமையான சேஃப்டி வால்வைப் பொருத்த உதவிய அதே மனிதர், அரசாங்கத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் இருந்த வால்வின் மேல் எடை மேல் எடையாகத் தொங்கவிட்டார். ராஜாக்களுக்குள் மனஸ்தாபம் வந்தால் உட்கார்ந்து பேசலாம். குடிமகனுக்கு மனஸ்தாபம் வந்தால் மட்டும் வாயைத் திறக்கக்கூடாது!

1819 மார்ச்சில் மன்ஹைம் நகரத்தில் கோட்ஸபு என்ற நாடக ஆசிரியரை கார்ல் சாண்ட் என்ற மாணவன் குத்திக் கொன்றான். ஒரு மாணவன் செய்த கொலை. மெட்டர்னிக் அதை வைத்து முக்கியமான ஜெர்மன் அரசுகளைக் கூட்டி, அந்த செப்டம்பரில் கார்ல்ஸ்பாட் ஆணைகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் அரசாங்கக் கண்காணிப்பாளர். ஓர் அரசு வேலையை விட்டு நீக்கிய பேராசிரியரை வேறெந்த ஜெர்மன் அரசும் சேர்த்துக்கொள்ளக்கூடாது. மாணவர் சங்கங்களுக்குத் தடை. 320 பக்கத்துக்குக் குறைந்த எந்த வெளியீடும் சென்சார் பார்த்த பிறகே அச்சுக்குப் போகலாம். பெரிய புத்தகத்தைச் சாமானியர்கள் படிக்கப் போவதில்லை, சின்னப் பிரசுரம்தான் ஆபத்து என்ற கணக்கு. நம் சங்க மலர் 320 பக்கத்தை எட்டாது. அந்த ஆட்சியில் நாம் சங்கமும் வைத்திருக்க முடியாது, மலரும் போட்டிருக்க முடியாது.

அடுத்த வருஷம் டிராப்பௌ மாநாட்டில், எந்த நாட்டில் புரட்சி நடந்தாலும் வல்லரசுகள் உள்ளே புகுந்து அடக்கலாம் என்று ஆஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா மூன்றும் அறிவித்தன. பிரிட்டன் ஒத்துக்கொள்ளவில்லை. 1821ல் ஆஸ்திரியப் படை நேப்பிள்ஸுக்குப் போய் அங்கே வந்திருந்த அரசியல் சட்டத்தைக் கலைத்தது. வட இத்தாலியில் ரகசியச் சங்கத்தில் சேர்ந்தார் என்று சில்வியோ பெல்லிகோ என்ற எழுத்தாளருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு அதைப் பதினைந்து வருஷச் சிறையாகக் குறைத்தார்கள். ஸ்பீல்பெர்க் கோட்டைச் சிறையில் கிடந்து 1830ல் வெளியே வந்தவர், 1832ல் தன் சிறை அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஆவேசமே கிடையாது, அமைதியாகத்தான் எழுதியிருந்தார். ஆஸ்திரியாவின் பெயர் ஐரோப்பா முழுக்கக் கெட்டுப்போனது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று மெட்டர்னிக்குக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வியன்னாவில் தபால்களை ரகசியமாகப் பிரித்துப் படித்து, மறுபடி முத்திரை ஒட்டி அனுப்புவதற்கென்றே ஓர் இலாகா இருந்தது. போலீஸ் தலைவர் செட்ல்நிட்ஸ்கியின் உளவாளிகள் எங்கும் இருந்தார்கள். நம் பாஷையில் சொன்னால், பிளாண்ட் முழுக்க பிரஷர் கேஜ். எந்த இடத்தில் முள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தினமும் ரிப்போர்ட் வந்தது. வால்வுதான் இல்லை. கேஜ் பிரஷரைக் காட்டும், குறைக்காது. இதைப் புதிதாக வேலைக்குச் சேரும் அப்ரென்டிஸ் பையனுக்குக்கூட முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரியப் பேரரசில் ஜெர்மானியர், ஹங்கேரியர், செக், போலந்துக்காரர், இத்தாலியர், குரோட்டியர் என்று பல இனத்தார் இருந்தார்கள். இனத்துக்கு ஒரு நாடு என்று ஆரம்பித்தால் பேரரசே இருக்காது. அதைத் தடுக்கத்தான் அவருக்குச் சம்பளம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் எதிர்த்தவரும் இல்லை. 1817லேயே நிர்வாகத்தைச் சீர்திருத்த ஒரு திட்டம் எழுதி சக்கரவர்த்தி பிரான்சிஸிடம் கொடுத்தார். பல பகுதிகளுக்கும் தனித்தனி நிர்வாகத் தலைமை, மாகாணப் பிரதிநிதிகளும் சேர்ந்த ஓர் ஆலோசனை சபை என்பதெல்லாம் அதில் இருந்தன. சக்கரவர்த்தி மாற்றம் என்றாலே முகம் சுளிப்பவர். திட்டத்தின் பெரும்பகுதி நிறைவேறாமலே போயிற்று. நம் ஆட்களுக்கு இது புதிதா என்ன? மாடிஃபிகேஷன் புரபோசல் எழுதிக் கொடுத்து, மேலிடத்து மேஜையில் அது தூசி படிந்து கிடப்பதைப் பார்க்காத எஞ்சினியர் இந்த ஹாலில் இருக்கிறாரா?

1820ல் மெட்டர்னிக் ஓர் இடத்தில் மனம் விட்டு எழுதியிருக்கிறார். நான் பிறந்தது முன்னாலோ பின்னாலோ ஆகிவிட்டது, இடிந்துகொண்டிருக்கும் கட்டடத்துக்கு முட்டுக் கொடுப்பதிலேயே என் காலம் கழிகிறது என்ற அர்த்தத்தில். அதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் 28 வருஷம் அந்த முட்டுகளைத்தான் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். 1835ல் பிரான்சிஸ் காலமானார். பட்டத்துக்கு வந்த மகன் ஃபெர்டினான்ட் வலிப்பு நோயாளி, ஆட்சி செய்ய இயலாதவர். ஒரு குழு ஆட்சியை நடத்தியது. அதில் மெட்டர்னிக்குக்கும் கோலோவ்ராட் என்ற மந்திரிக்கும் ஓயாத இழுபறி. எந்த முடிவும் எடுக்க முடியவில்லை.

காலம் மட்டும் நிற்கவில்லை. 1837 நவம்பரில் ஆஸ்திரியாவின் முதல் நீராவி ரயில் வியன்னாவுக்கு அருகே ஃப்ளோரிஸ்டார்ஃபிலிருந்து ஓடியது. எந்த ஊருக்குத் தெரியுமா? நெப்போலியனிடம் தோற்ற அதே வாக்ராமுக்கு. ஆலைகள் பெருகின, தொழிலாளிகள் பெருகினார்கள். 1845லிருந்து உருளைக்கிழங்கு நோய், மோசமான விளைச்சல், ரொட்டி விலை ஏற்றம். முள் ஏறிக்கொண்டே போயிற்று.

1848 பிப்ரவரியில் பாரிஸில் மன்னர் ஓடினார். மார்ச் 3ந் தேதி ஹங்கேரியத் தலைவர் கொசூத், வியன்னா ஆட்சி முறையைக் கிழித்து ஒரு பிரசங்கம் செய்தார். மார்ச் 13ந் தேதி வியன்னாவில் மாகாண சபைக் கட்டடத்தின் முற்றத்தில் மாணவர்களும் பொதுமக்களும் திரண்டார்கள். அடால்ஃப் ஃபிஷ்ஹோஃப் என்ற டாக்டர் முதலில் பேசினார். கொசூத்தின் பேச்சை ஜெர்மனில் மொழிபெயர்த்து உரக்க வாசித்தார்கள். சேனை சுட்டது. சிலர் விழுந்தார்கள். அப்படி இறந்தவர்களில் ஒருவன் கார்ல் ஹைன்ரிக் ஸ்பிட்சர், வியன்னா பாலிடெக்னிக் மாணவன். இருபது வயதுகூட ஆகவில்லை. நம் துறைப் பையன். வரைபடமும் கணக்கும் படிக்க வந்தவன், பத்திரிகைச் சுதந்திரம் கேட்டு முற்றத்தில் நின்று குண்டடிபட்டுச் செத்தான். மெட்டர்னிக்கின் நாற்பது வருஷ சமாதானத்தைப் பாராட்டும்போது, அந்தக் கணக்கில் இந்தப் பையனையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அன்று இரவு ஒன்பது மணி வாக்கில் மெட்டர்னிக் ராஜினாமா செய்தார். 38 வருஷமும் ஐந்து மாதமும் மந்திரியாக இருந்த மனிதர், ஒரே நாளில் போனார். மறுநாளே ஊரைவிட்டுக் கிளம்பி, ஏப்ரலில் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஒரு வேடிக்கை. அதே ஏப்ரல் 10ந் தேதி லண்டனில் சார்ட்டிஸ்ட் இயக்கத்தார் ஓட்டுரிமை கேட்டுப் பெரிய கூட்டம் கூட்டினார்கள். அரசாங்கமும் நடுங்கிப்போய் ஆயிரக்கணக்கில் விசேஷக் காவலர்களைச் சேர்த்திருந்தது. கூட்டம் கூடியது, பேசினார்கள், மனுவைக் கொடுத்தார்கள், கலைந்தார்கள். மனு நிராகரிக்கப்பட்டது. ஆனால் 1832லேயே ஓட்டுரிமைச் சட்டம் ஒன்று வால்வைக் கொஞ்சம் திறந்துவிட்டிருந்தது. சார்ட்டிஸ்டுகளின் ஆறு கோரிக்கைகளில் ஐந்து பிற்காலத்தில் சட்டமாகவே ஆகிவிட்டன. பேச விட்ட நாட்டில்தான், பேச விடாத மந்திரிக்கு அடைக்கலம் கிடைத்தது.

1851ல் வியன்னாவுக்குத் திரும்பி, 1859 ஜூன் 11ந் தேதி தம் 86வது வயதில் காலமானார். கடைசி நாட்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அந்த ஏப்ரலில் இளம் சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் ஜோசஃப் இத்தாலி விவகாரத்தில் இவரிடம் யோசனை கேட்டாராம். கடவுளே என்று கெடு மட்டும் விதித்துவிடாதீர்கள் என்றாராம் கிழவர். அது நேற்றே போய்விட்டதே என்றாராம் சக்கரவர்த்தி. யுத்தம் வந்தது, ஆஸ்திரியா தோற்றது. இதே ஃபிரான்ஸ் ஜோசஃபின் அரசாங்கம்தான் 55 வருஷம் கழித்து, 1914 ஜூலை 23ந் தேதி செர்பியாவுக்கு ஒரு கெடு விதித்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. மெட்டர்னிக் பொருத்திய நல்ல வால்வையும் அவருக்குப் பின் வந்தவர்கள் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

நண்பர்களே, என் பேட்சில் இன்று கிட்டத்தட்ட எல்லோரும் ஏதோ ஒரு பொறுப்பில் இருக்கிறோம். கீழே பத்துப் பேர், நூறு பேர் வேலை செய்கிறார்கள். "என் டிபார்ட்மென்ட்ல ஒரு பிரச்சினையும் இல்லை சார், ஒரு புகார்கூடக் கிடையாது" என்று மேலிடத்துக்குப் பெருமையாகச் சொல்கிறோம். புகார் புத்தகம் காலியாக இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். உண்மையிலேயே பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். இல்லாவிட்டால், எழுதினால் என்ன ஆகும் என்று பயந்து யாரும் எழுதாமல் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது நம் வேலை. ஷிப்டில் ஒரு ஹெல்பர் "சார், இந்த லைன்ல அதிர்வு ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்ல வரும்போது, "உன் வேலையைப் பாரு" என்று அனுப்பிவிட்டால், அன்றைக்கு அந்த லீவரில் ஒரு எடையைத் தொங்கவிட்டு விட்டோம் என்று அர்த்தம். வீட்டிலும் இதே கதைதான். பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவதே இல்லை என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், பேசிப் பார்த்துப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டார்களா என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது.

மெட்டர்னிக் கெட்டிக்காரர். உழைப்பாளி. யுத்தத்தை வெறுத்தவர். பழைய பிளாண்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவர் அக்கறையை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது என் தொழில். அவர் ராஜாக்களுக்குக் கொடுத்த நாற்காலியைச் சாதாரண ஜனங்களுக்கும் போட்டிருந்தால், ஸ்பிட்சர் படிப்பை முடித்து, அந்த வாக்ராம் லைனிலேயே எஞ்சினியராக வேலைக்குப் போயிருக்கலாம்.

 கேள்விகள் இருந்தால் தாராளமாகக் கேட்கலாம், சென்சார் கிடையாது. சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். அந்த பிரஷரையும் நான் கவனத்தில் எடுத்துக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

வணக்கம்.